பால்சா இறக்கையைத் தேய்க்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள், பொறியியல் கல்லூரிக் குழுக்கள், வார இறுதியில் ரேடியோ கன்ட்ரோல் விமானம் பறக்கவிடுகிறவர்கள் என்று பலர் என்னிடம் கொண்டுவரும், பால்சா என்ற மிக லேசான மரத்தில் கட்டிய மாதிரி விமான இறக்கைகளில் அதே சில கோளாறுகள்தான் மாறி மாறி வருகின்றன. ரிப், அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் விலாத் துண்டு, வெட்டியது ஒழுங்காக இருக்கும். ஒட்டியதும் ஒழுங்காக இருக்கும். உப்புத்தாள் பட்ட பிறகுதான் கெட்டிருக்கும். பெரும்பாலானவற்றுக்கு மூல காரணம், தாளை வெறும் விரலில் பிடித்துத் தேய்ப்பது. மிச்சத்துக்குக் காரணம் அவசரம்.

உங்கள் இறக்கையில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடிப் பிடியுங்கள். காரணங்களைச் செலவில்லாததிலிருந்து செலவு கூடியது வரை வரிசையாக எழுதியிருக்கிறேன். அதே வரிசையில் பாருங்கள், நடுவில் தாவ வேண்டாம். அளவுகள் எல்லாம் சுமார் ஒன்றரை மீட்டர் இறக்கையுள்ள பயிற்சி விமானத்துக்கானவை: முன்விளிம்பு முதல் பின்விளிம்பு வரை 200 மி.மீ., மேலே 1.5 மி.மீ. பால்சா ஷீட், அடி தட்டையான கிளார்க் ஒய் என்ற குறுக்குவெட்டு வடிவம்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அலுமினிய ஜன்னல், கதவு செய்யும் பட்டறையில் மிச்சம் விழும் சதுரக் குழாய்த் துண்டு கேளுங்கள். அரை மீட்டரில் ஒன்று, கால் மீட்டரில் ஒன்று போதும். இவைதான் தேய்ப்புக் கட்டைகள். மரக்கட்டை மழைக்காலத்தில் கோணும், அலுமினியம் கோணாது. வாங்கும்போதே கண்ணாடிப் பலகை மேல் வைத்து, ஆடாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் போட்டு ஒரு முகத்தில் 120 நம்பர் தாளும் எதிர் முகத்தில் 220 நம்பர் தாளும் ஒட்டுங்கள். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் சுருள் தாள் இதற்கு வசதி. தனித் தாள்களை ஒட்டினால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பு சேர்த்து ஒட்டுங்கள். ஏறிய இடம் மரத்தில் கோடு போட்டுக்கொண்டே போகும்.

இதோடு மென்மையான பென்சில், நீள ஸ்டீல் ஸ்கேல், கைபேசி டார்ச், 5 மி.மீ. கனமுள்ள கண்ணாடிப் பலகை, புது பிளேடுகள், தூசு முகமூடி.

## தேய்க்கத் தேய்க்க நார் எழும்பிப் பொசுபொசுவென்று நிற்கிறது

தாளின் முகத்தை முதலில் பாருங்கள். பால்சாத் தூள் மணிகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டால் தாள் அறுக்காது, நாரைப் பிடுங்கத்தான் செய்யும். பழைய பல் தேய்க்கும் பிரஷால் தட்டிவிட்டுத் தேய்த்துப் பாருங்கள். அப்படியும் எழும்பினால் தாளை மாற்றுங்கள். பால்சா மென்மையான மரமாயிற்றே, பழைய தாளே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது: மரம் எவ்வளவு மென்மையோ தாள் அவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும்.

அடுத்தது திசை. நார் ஓட்டத்துக்குக் குறுக்கே தேய்த்தால் நார் எழும்பும். வடிவம் கொண்டுவரும்போது குறுக்கே போக வேண்டிவரும், அது பரவாயில்லை. கடைசிச் சுற்று மட்டும் நாரோடு, கட்டையின் எடை தவிர வேறு அழுத்தம் இல்லாமல்.

மூன்றாவது ஈரம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் கடலோர ஊர்களில் திறந்து வைத்த பால்சா ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருக்கும். மூடிபோட்ட பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு ஓரிரு நாள் வைத்துவிட்டு மறுபடி தேய்யுங்கள்.

### புதுத் தாள், காய்ந்த மரம், நாரோடுதான் தேய்க்கிறேன், இன்னும் போகவில்லை என்றால்

மரமே மிக லேசானது. மரச்சாமான் பாலிஷ்காரர்கள் அடிக்கும் சேண்டிங் சீலரைத் தின்னரில் நீர்த்து ஒரு கை அடித்து, காய்ந்ததும் 320, பிறகு 400 நம்பரில் தேய்யுங்கள். நார் விறைத்து நிற்கும், தாள் அதை வழித்துவிடும். இரண்டு எச்சரிக்கைகள். சீலர் காயும்போது சுருங்கும், அதனால் மேல்பக்கமும் அடிப்பக்கமும் ஒரே நாளில் அடித்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்த மெல்லிய ஷீட் வளைந்துகொள்ளும். உள்ளே தெர்மாகோல் வைத்த இறக்கை என்றால் தின்னர் தெர்மாகோலைக் கரைத்துவிடும், அங்கே தண்ணீரில் கரையும் சீலர்தான்.

## இடது முன்விளிம்பும் வலது முன்விளிம்பும் ஒன்றுபோல் இல்லை

நான் மிகவும் கவலைப்படும் கோளாறு இது. அலையும் நாரும் அழகைக் கெடுக்கும். இது விமானத்தையே கவிழ்க்கும். தரையிறங்க வேகம் குறையும்போது, முன்விளிம்பு கூராக இருக்கும் இறக்கை முதலில் தூக்குவிசையை இழக்கும். அந்தப் பக்கம் சாயும். தரைக்கு மிக அருகில் நடப்பதால் திருத்த நேரம் இருக்காது.

சோதனை. வரைபடத்தில் உள்ள ரிப் வடிவத்தின் முதல் 30 மி.மீ. பகுதியைக் கெட்டி அட்டையில் படியெடுத்து, உட்குழிவாக வெட்டிக்கொள்ளுங்கள். நேர் இறக்கையாக இருந்தால் ஒரு அட்டை போதும். நுனி நோக்கிக் குறுகும் இறக்கைக்கு அடி (விமான உடலோடு சேரும் பக்கம்), நடு, நுனி என்று மூன்று வேண்டும். அட்டையை முன்விளிம்பில் மாட்டி, பின்னால் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கசியும் இடத்தில் மரம் குறைந்திருக்கிறது. அட்டை ஆடும் இடத்தில் மரம் கூடியிருக்கிறது. இடதில் சோதித்த அதே அட்டையை அப்படியே திருப்பி வலதில் வையுங்கள். கண்ணை நம்பாதீர்கள். இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் கண் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. விரல் நுனி கண்ணைவிட மேல்: கண்ணை மூடிக்கொண்டு இரு கைகளாலும் இரண்டு முன்விளிம்புகளையும் ஒரே நேரத்தில் வருடிப் பாருங்கள்.

### மையக்கோடு போடாமல் தேய்த்திருந்தால்

முக்கால்வாசி இதுதான். முன்விளிம்புக் கட்டையில் இறக்கையின் முனைப்புள்ளி எங்கே வருகிறது என்று நீளவாக்கில் கோடு போட்ட பிறகே தாளைத் தொட வேண்டும். அந்தப் புள்ளி கட்டையின் சரிபாதியில் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். கிளார்க் ஒய் வடிவத்தில் அது அடித்தட்டை மட்டத்திலிருந்து இறக்கை அகலத்தின் 3.5 சதவீத உயரத்தில் இருக்கிறது. 200 மி.மீ. இறக்கைக்கு 7 மி.மீ. இறக்கையைக் கண்ணாடி மேல் வைத்து, 7 மி.மீ. உயரக் கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து முன்விளிம்பு நெடுக இழுத்தால் கோடு நேராக விழும். பென்சிலின் பாதிக் கனத்தைக் கட்டை உயரத்தில் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு முகம் முகமாக வெட்டுங்கள். முதலில் மேலே ஒரு சரிவு, கீழே ஒரு சரிவு. சின்ன இழைப்புளியோ பிளேடோ போதும். அந்தச் சரிவுகளின் முனைகளில் மறுபடி சின்னச் சரிவுகள். கடைசியில்தான் உருட்டல். ஒவ்வொரு முகமும் அடியிலிருந்து நுனி வரை ஒரே அகலத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். அகலம் மாறினால் வடிவம் மாறுகிறது என்று பொருள். வளைவைப் பார்த்துத் திருத்துவது கடினம். தட்டை முகத்தின் அகலத்தை ஸ்கேலால் அளந்துவிடலாம். உருட்டலுக்கு, பின்புறம் மாஸ்கிங் டேப் ஒட்டிய 220 நம்பர் தாளை இரு விரல் அகலத்துக்குக் கிழித்து, இரு கையிலும் பிடித்து முன்விளிம்பின் மேல் மாறி மாறி இழுங்கள். மையக்கோட்டின் பென்சில் தடம் கடைசி வரை அழியக் கூடாது. அழிந்தால் அங்கே கூடுதலாகத் தேய்த்துவிட்டீர்கள்.

### கோடு போட்டேன், ஆனாலும் ஒரு பக்கம் அதிகம் தேய்கிறது என்றால்

இரு பக்கமும் வெவ்வேறு பால்சாத் துண்டுகள். ஒன்று கெட்டி, ஒன்று மென்மை. நகத்தால் லேசாக அழுத்தினால் வித்தியாசம் தெரியும். மென்மையான பக்கத்தில் 220 நம்பர், கெட்டிப் பக்கத்தில் 120 நம்பர் என்று பிரித்துக்கொண்டு, கைவீச்சை எண்ணாமல் அட்டையை மட்டும் நம்பித் தேய்யுங்கள்.

### மரம் ஏற்கனவே குறைந்துவிட்டால்

அட்டைக்கும் மரத்துக்கும் அரை மி.மீ.க்குக் குறைவான இடைவெளி என்றால், சீலரில் பால்சாத் தூளைக் குழைத்துப் பட்டி போட்டு, காய்ந்ததும் தேய்த்துவிடலாம். அதைவிடக் கூடினால் முன்விளிம்பைக் கட்டையால் தட்டையாக இறக்கி, 3 மி.மீ. பால்சாப் பட்டை ஒட்டி, கோட்டிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தேய்ப்பு ரிப்பின் மூக்கு வரை இறங்கி, ரிப் வடிவமே கெட்டிருந்தால் அனுபவமுள்ள கட்டுநரிடம் கொண்டுபோங்கள். லேசர் வெட்டுக் கடையில் வரைபடத்தைக் கொடுத்து ரிப்புகளைப் புதிதாக வெட்டிக்கொள்வது அந்த நிலையில் மலிவு.

## மேல்பரப்பு ரிப்புக்கு ரிப் பள்ளமாக, மெலிந்த மாட்டின் விலா போலத் தெரிகிறது

சோதனை. பென்சிலைப் படுக்கவைத்து மேல்பரப்பு முழுதும் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்குங்கள். அரை மீட்டர் கட்டையை இறக்கையின் நீளவாக்கில், குறைந்தது மூன்று ரிப்புகளின் மேல் ஒரே நேரத்தில் படும்படி வைத்து, அழுத்தாமல் சில முறை தள்ளுங்கள். பென்சில் அழிந்த இடம் மேடு. அழியாத இடம் பள்ளம். அறை விளக்கை அணைத்து, டார்ச்சை முன்விளிம்போரம் தாழ்வாக வைத்தால் பள்ளம் ஒவ்வொன்றும் நிழலாக எழும்பி நிற்கும்.

விரலால் தேய்த்ததுதான் காரணமென்றால் பென்சில் தடம் ரிப்புகளுக்கு நடுவே நீள்வட்டமாக மிஞ்சும். விரல் ரிப்பின் மேல் போகும்போது மரம் எதிர்க்கிறது, நடுவில் போகும்போது ஷீட் உள்ளே அமுங்குகிறது. தாள் இரண்டு இடத்திலும் வேறு வேறாக அறுக்கிறது. அரை மீட்டர் கட்டையோடு குறுக்குச் சாய்வாக, 45 டிகிரியில் மாற்றி மாற்றித் தள்ளினால் மேடுகள் மெதுவாக இறங்கிச் சமமாகும். ஒவ்வொரு சுற்றுக்கும் பென்சில் மறுபடி போடுங்கள். தடம் போன பிறகு ஒரு தள்ளலும் கூடாது.

குட்டைக் கட்டை காரணமென்றால் அலை நீளமாக இருக்கும், இரண்டு ரிப் இடைவெளிக்கு ஒன்று. கட்டை இடைவெளியைவிடக் குட்டையாக இருந்தால் பள்ளத்துக்குள் அதுவும் இறங்கிவிடும். மருந்து அதேதான்.

மூன்றாவது காரணம் ஒட்டும்போதே வந்தது: ஷீட்டை ரிப்பின் மேல் அழுத்தி ஒட்டியதில் ரிப்பின் இருபக்கமும் ஷீட் தொய்ந்திருக்கும். தேய்ப்பதால் இது போகாது. தேய்க்கத் தேய்க்க ரிப்பின் மேல்தான் ஷீட் மெலியும். பால்சாத் தூள் பட்டியைப் பள்ளங்களில் மெல்லியதாக இழுத்துக் கட்டையால் சமன் செய்யுங்கள். சுவர்ப் பட்டியும் கார் பட்டியும் வேண்டாம். கனம் ஒருபக்கம், பால்சாவைவிடக் கெட்டி என்பதால் சுற்றியுள்ள மரம் தேய்ந்து பட்டி மேடாக நிற்கும்.

எங்கே நிறுத்த வேண்டும்? அடி ஷீட் ஒட்டும் முன்பாக இருந்தால், டார்ச்சை உள்ளிருந்து மேலே அடியுங்கள். மெலிந்த இடம் சிவந்த மஞ்சளாகப் பளிச்சென்று தெரியும். 1.5 மி.மீ. ஷீட்டில் 0.3 மி.மீ.க்கு மேல் நான் எடுப்பதில்லை. அதற்குள் அலை போகவில்லை என்றால் மிச்சத்தைப் பட்டிக்கு விடுங்கள்.

## ஒட்டுக்கோடு மேடாக நிற்கிறது, இருபக்கமும் மரம் குழிந்துபோகிறது

காய்ந்த பசை பால்சாவைவிடக் கெட்டி. தாள் பசை மேல் வழுக்கி, பக்கத்து மரத்தைத் தின்கிறது. இன்னும் தேய்த்தால் இன்னும் குழியும். கையை எடுத்துவிட்டு, எந்தப் பசை என்று பாருங்கள்.

உடனடி ஒட்டும் சி.ஏ. பசை என்றால் கோடு பளபளப்பாக, நகம் பதியாமல் இருக்கும். கோட்டின் இருபக்கமும் அரை மி.மீ. விட்டு மாஸ்கிங் டேப் ஒட்டி மரத்தை மூடுங்கள். புது பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி, மேடு டேப் மட்டத்துக்கு வந்ததும் டேப்பை எடுத்து, புது 220 நம்பர் கட்டையால் கோட்டுக்குக் குறுக்கே இரண்டு மூன்று தள்ளல். அவ்வளவுதான்.

வெள்ளை மரப்பசை என்றால் கோடு ரப்பர் போக்கில் இருக்கும், தேய்த்தால் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டு தாளில் ஒட்டும். தேய்க்கும் சூடே அதை இளக்குகிறது. ஓரிரவு முழுதும் காயவிட்டு, பிளேடால் சீவுங்கள். தாளால் முடியாது. இனிமேல் ஷீட்டுகளை இணைக்க, காய்ந்தால் விறைக்கும் மஞ்சள் மரப்பசை வாங்குங்கள். அது மரத்தோடு சேர்ந்து தேயும்.

இந்தக் கோளாறு வரவே வராமல் இருக்க ஒரு வழி உண்டு. ஷீட்டுகளை இறக்கையில் ஒட்டும் முன்பே மேசையில் விளிம்போடு விளிம்பு சேர்த்து, மேலே டேப் போட்டு, புத்தகம் போலத் திறந்து பசை தடவி மூடி, கண்ணாடி மேல் பாரம் வைத்துக் காயவிட்டு, அங்கேயே தேய்த்துவிடுங்கள். தட்டையான கண்ணாடி மேல் தேய்ப்பது, ரிப்புகளின் மேல் தேய்ப்பதைவிட நூறு மடங்கு எளிது.

## தாள் ஷீட்டைத் துளைத்துவிட்டது

துளையை அடைப்பதைவிட விரிப்பது மேல். நாரோட்டத்தில் நீண்ட, இருமுனையும் கூர்ந்த படகு வடிவில் மெலிந்த பகுதி முழுவதையும் வெட்டி எடுங்கள். நாருக்கு நேர் குறுக்கே வெட்டு விழுந்தால் அங்கே மடியும். அதே கெட்டித்தன்மையுள்ள ஷீட்டிலிருந்து துண்டு வெட்டி, உள்ளே இருபக்கமும் ஆதாரப் பட்டை ஒட்டி, அதன் மேல் பொருத்துங்கள். துண்டு ஒரு தாள் கனம் மேடாக இருக்கட்டும், பிறகு கட்டையால் இறக்கலாம்.

துளை ஸ்பார் மேல், அதாவது இறக்கையின் நீளவாக்கில் முதுகெலும்பு போல ஓடும் சட்டத்தின் மேல் என்றால் வேறு கதை. ஸ்பாரின் பட்டையும் தேய்ந்திருக்கிறதா என்று பிளேடு நுனியால் தொட்டுப் பாருங்கள். ஸ்பாரில் தேய்ப்பு கால் மி.மீ. தாண்டியிருந்தால் பறக்கவிடும் முன் அனுபவமுள்ளவரிடம் காட்டியே ஆக வேண்டும். பறக்கும்போது இறக்கையின் வளைவுச் சுமையைத் தாங்குவது அந்தப் பட்டைதான்.

விரல் நகம், கருவி பட்டு விழுந்த வெறும் அமுங்கலுக்கு இத்தனையும் வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, சற்று ஊறியதும் இளஞ்சூட்டு இஸ்திரிப் பெட்டியின் முனையால் தொட்டால் நார் உப்பி மேலே வரும்.

## பின்விளிம்பு அலையாக இருக்கிறது, அல்லது ஒடிகிறது

பின்விளிம்பைக் காற்றில் பிடித்துத் தேய்த்தால் இரண்டும் வரும். இறக்கையை மேசை விளிம்போடு விளிம்பாகப் படுக்கவைத்து, பின்விளிம்புக்கு அடியில் ஸ்டீல் ஸ்கேல் கொடுத்து, நீளக் கட்டையால் நீளவாக்கில் தேய்யுங்கள். கட்டையின் ஒரு ஓரத்தில் இரண்டு சுற்று டேப் ஒட்டி, அந்த ஓரம் ஷீட்டின் மேல் வழுக்கும்படி வைத்தால் சரிவு எங்கும் ஒரே கோணத்தில் விழும்.

கத்தி முனையாக்க முயலாதீர்கள். 1 முதல் 1.5 மி.மீ. சதுர முனையே போதும். அதைவிட மெலிந்தால், இறக்கையை மூடச் சூடுகாட்டி ஒட்டும் கவரிங் பிலிம் சுருங்கும்போது ரிப்புகளுக்கு நடுவே உள்ளே இழுத்து அலையாக்கிவிடும். ஏற்கனவே அப்படி ஆகிவிட்டதா? ஸ்கேல் வைத்து அலையின் ஆழமான இடம் வரை நேராக வெட்டி, கெட்டி பால்சாப் பட்டை ஒட்டித் தேய்யுங்கள். விளிம்பை விறைக்க இளக்கமான சி.ஏ. பசையை ஓடவிடலாம். ஆனால் எல்லாத் தேய்ப்பும் முடிந்த பிறகுதான். அந்தப் பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் புகைந்து கை சுடும் அளவு சூடேறும்.

## தேய்த்து முடித்ததும் இறக்கை முறுக்கிக்கொண்டது

சோதனை. கிளார்க் ஒய் வடிவத்தின் அடிப்பரப்பு முன்னிருந்து 30 சதவீதத்துக்குப் பிறகு தட்டை. அதனால் இறக்கையைக் கண்ணாடி மேல் அப்படியே வைக்கலாம். நான்கு மூலையிலும் மாறி மாறி அழுத்துங்கள். எந்த மூலை தூக்குகிறதோ அங்கே இடைவெளியை அளந்து எழுதுங்கள். 200 மி.மீ. அகலத்தில் 1 டிகிரி முறுக்கு என்பது பின்விளிம்பில் சுமார் 3.5 மி.மீ. வரைபடமே நுனியில் பின்விளிம்பைத் தூக்கச் சொல்லியிருந்தால் அது கோளாறல்ல, வேண்டுமென்றே வைத்தது. இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும்.

இடது வலது வித்தியாசம் 1 மி.மீ.க்குள் என்றால் விட்டுவிடுங்கள், பறக்கும்போது டிரிம்மில் (ரேடியோவில் செய்யும் நுண்திருத்தத்தில்) சரியாகும். நுனியின் பின்விளிம்பு ஒரு பக்கம் மட்டும் கீழே இறங்கியிருந்தால் அதை மட்டும் விடாதீர்கள். அந்தப் பக்கம்தான் முதலில் சாயும்.

காரணங்களைப் பாருங்கள். பசை காயும் முன்பே பலகையிலிருந்து எடுத்துத் தேய்த்திருக்கலாம். மேல்பக்கம் மட்டும் ஷீட் ஒட்டி, அடிப்பக்கம் திறந்தபடி கையில் பிடித்துத் தேய்த்திருக்கலாம், அப்போது கட்டையின் அழுத்தமே முறுக்கிவிடும். ஒரு பக்கம் மட்டும் சீலர் அடித்திருக்கலாம்.

அடி திறந்த இறக்கை என்றால், லேசாகத் தண்ணீர் தெளித்து, கண்ணாடி மேல் எதிர்ப்பக்கமாகச் சற்றுக் கூடுதலாகவே முறுக்கி, பாரம் வைத்து ஓரிரவு விடுங்கள். கவரிங் பிலிம் போட்ட இறக்கை என்றால், ஒருவர் எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடிக்க இன்னொருவர் மேலும் கீழும் சூடு காட்டி, ஆறும் வரை பிடியை விடாமல் இருக்க வேண்டும்.

மேலும் கீழும் ஷீட் ஒட்டி மூடிய முன்பகுதி என்றால் தண்ணீரும் சூடும் பலிக்காது. மூடிய பெட்டி முறுக்கைப் பூட்டிவிடும். ஸ்பார் ஓரமாக அடி ஷீட்டை நீளவாக்கில் பிளேடால் பிரித்து, பலகையில் நேராகக் குத்தி நிறுத்தி, மறுபடி ஒட்டுவது ஒன்றே வழி. முன்பின் செய்யாதவர் தனியாக இறங்க வேண்டாம். கிளப்பில் ஷீட் இறக்கை கட்டியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

## நுனிக் கட்டைகள் இரண்டும் வேறு வேறு வடிவம்

மேலிருந்து பார்க்கும் வடிவத்தை முதலில் இரண்டிலும் முடித்துவிட்டு, பிறகுதான் பக்கவாட்டு வடிவத்துக்குப் போங்கள். இரண்டையும் சேர்த்துச் செதுக்கினால் ஒருநாளும் பொருந்தாது. இரண்டு கட்டைகளையும் நடுவில் தாள் வைத்து லேசாக ஒட்டி, மேல்வடிவத்தை ஒன்றாக வெட்டிப் பிரிப்பது சிறந்தது. நாரின் வெட்டுமுனை வரும் இடத்தில் தாள் மெதுவாக அறுக்கும். அங்கே மட்டும் 80 நம்பர்.

## ஒரு இறக்கை கனமாக இருக்கிறது

கனமான பக்கத்தைத் தேய்த்துக் குறைக்கப் போகாதீர்கள். வலுவும் வடிவமும் போகும், எடை குறைவது ஓரிரு கிராம். காரணம் மரத்தில் இருக்கிறது: 1000 × 100 × 1.5 மி.மீ. ஷீட் ஒன்று லேசான பால்சாவில் 15 கிராம், கெட்டியானதில் 30 கிராம்கூட வரும். வாங்கும்போதே ஒவ்வொரு ஷீட்டையும் நிறுத்து, பென்சிலால் எடையை எழுதி, இடதுக்கும் வலதுக்கும் ஜோடி சேருங்கள். கட்டி முடிந்துவிட்டதென்றால் லேசான நுனிக்குள் சின்னத் துண்டு ஈயம் ஒட்டுவதே சரி.

## தேய்க்கும்போது தும்மல், கண் எரிச்சல், இருமல்

பால்சாத் தூள் மிக நுண்ணியது, மின்விசிறிக் காற்றில் அறை முழுதும் சுற்றும். முகத்துக்கு நேரே விசிறி வைக்காமல், காற்று உங்களைத் தாண்டி ஜன்னல் வழியே வெளியே போகும்படி உட்காருங்கள். என்95 முகமூடி போடுங்கள். தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் எடுங்கள். சி.ஏ. பசை போட்ட உடனே எரிச்சல் வந்தால் காரணம் தூள் அல்ல, ஆவி. முகத்தைப் பசைக்கு நேர்மேலே கொண்டுபோகாதீர்கள். முகமூடி போட்டும் நெஞ்சு இறுகினாலோ, வேலை நிறுத்தியும் இருமல் நிற்காவிட்டாலோ மருத்துவரிடம் போங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளைகளைத் தேய்ப்பு வேலைக்கு விடக் கூடாது.

## இரண்டு இறக்கைகளையும் சேர்த்தால் நடுவில் இடைவெளி

மேலே மூடி அடியில் இடைவெளி, அல்லது அடியில் மூடி மேலே இடைவெளி என்றால் கோணம் தவறு. ஒரு பக்க இறக்கை 750 மி.மீ., பக்கத்துக்கு 3 டிகிரி உயர்த்த வேண்டும் என்றால் நுனி 39 மி.மீ. உயர வேண்டும். நுனிக்கு அடியில் அந்த உயரத்துக்குக் கட்டை வைத்து, நடுமுனை மேசை விளிம்போடு சரியாக நிற்கும்படி இறக்கையை அமர்த்துங்கள். தேய்ப்புக் கட்டையை மேசையின் செங்குத்து முகத்தோடு ஒட்டிப் பிடித்து மேலும் கீழும் தேய்யுங்கள். மேசை விளிம்பு செங்குத்தா என்பதை மூலைமட்டத்தால் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

முன்னால் மூடிப் பின்னால் திறந்திருந்தால், இறக்கை மேசை விளிம்புக்குச் செங்கோணமாக உட்காரவில்லை. ஒன்றை முன்னோக்கித் திருப்பித் தேய்த்தால் சரியாகும். கூடவே நீளம் குறையும் என்பதால் அடுத்த பக்கத்தையும் அதே அளவு தேய்க்க வேண்டும்.

இடைவெளி அரை மி.மீ.க்குள் என்றால் தேய்ப்பை நிறுத்திவிட்டு எபாக்ஸியால் ஒட்டலாம். அதற்கு மேல் எபாக்ஸியால் நிரப்பாதீர்கள். நடுவில் கனம் சேரும், ஒட்டும் பலமாக இருக்காது. 1 மி.மீ. பால்சாவை ஆப்பாகத் தேய்த்து இடையில் கொடுங்கள். தேய்க்கும்போது உள்ளே இருக்கும் பிளைவுட் இணைப்புத் தகடும் தேய்ந்துவிட்டதா, அதன் பொந்து தளர்ந்துவிட்டதா என்று கையால் ஆட்டிப் பாருங்கள். தகடு ஆடினால், அல்லது அதில் முடிக்கோடு விரிசல் தெரிந்தால், ஒட்டாமல் அப்படியே எடுத்துக்கொண்டு அனுபவமுள்ள கட்டுநரிடம் போங்கள். தகட்டை மாற்றி, இறக்கையின் நடுவைப் பிடித்து இரு நுனியிலும் பாரம் தொங்கவிட்டுச் சோதித்த பிறகே பறக்கவிடலாம்.